கப்பல் நாகசாகியில் நிற்கும் ஒரு பகல்: விசா முதல் டிராம் சில்லறை வரை

நாகசாகி அணுகுண்டு அருங்காட்சியகத்தில் எங்களுக்குக் கிடைத்தது 40 நிமிடம். கோயம்புத்தூரிலிருந்து அம்மா, நான், என் மகள் மூவரும் அவ்வளவு தூரம் போனோம். கப்பல் காலை 9 மணிக்குக் கரை சேர்ந்து, மாலை 5 மணி வரை அங்கேயே நின்றது. அப்படியும் 40 நிமிடம்தான்.

உள்ளே ஒரு கண்ணாடிப் பெட்டியில் 14 வயதுப் பள்ளி மாணவி ஒருத்தியின் சோற்றுப்பெட்டி இருக்கிறது. பெட்டி நெளிந்திருக்கிறது, உள்ளே இருந்த சோறு அப்படியே கரியாகி இருக்கிறது. முப்பது வருஷம் எங்களுக்கு டிபன் கட்டிக் கொடுத்த அம்மா அதன் முன்னால் நின்றுவிட்டார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தோளைத் தொட்டேன். "இன்னும் பாக்கவே இல்லியே கண்ணு, அதுக்குள்ள போலாம்னு சொல்றே" என்றார். அவரைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தவள் நான்தான். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

மீதி நேரமெல்லாம் எங்கே போனது? விசாக் குழப்பம், இமிகிரேஷன் வரிசை, தவறான டிராம், சில்லறை இல்லாத பை. எல்லாமே முன்கூட்டித் தெரிந்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடியவை. நீங்கள் கப்பலில் நாகசாகிக்குப் போவதாக இருந்தால் இதைப் படித்துவிட்டுப் போங்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

1. பணம் கட்டும் முன் பயண வழியைப் படியுங்கள்

முதலில் துறைமுகத்தின் பெயர். நாகசாகி என்பது நகரத்தின் பெயர், மாவட்டத்தின் பெயரும் அதுவே. அதே மாவட்டத்தில் சசேபோ என்று இன்னொரு துறைமுகம் இருக்கிறது, அங்கும் பயணிகள் கப்பல்கள் வருகின்றன. சசேபோவிலிருந்து நாகசாகி நகரத்துக்கு ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஆகும். போய்த் திரும்புவதிலேயே பகல் கரைந்துவிடும். எந்தத் துறைமுகம், அதில் கப்பல் நிற்கும் துறை எது என்பதைக் கேட்டு எழுதி வாங்குங்கள். பெரிய கப்பல்கள் நாகசாகியில் பெரும்பாலும் மட்சுகாயே துறையில்தான் நிற்கும். நகரத்துக்கு நடந்தே போகக்கூடிய தூரம், பேருந்து தேவையில்லை.

இரண்டாவது, கரையில் நிற்கும் நேரம். அட்டவணையில் "9 முதல் 5" என்று போட்டிருந்தால் கையில் எட்டு மணி நேரம் இருப்பதாக எண்ண வேண்டாம். இறங்குவதற்கான சோதனை முன்பக்கம் சாப்பிடும். கிளம்புவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே எல்லோரும் கப்பலுக்குள் இருந்தாக வேண்டும் என்ற விதி பின்பக்கம் சாப்பிடும். ஆறு மணி நேரத்துக்கும் குறைவாக நிற்கிற கப்பல் என்றால், அணுகுண்டு விழுந்த பகுதியைத் தவிர வேறெதையும் அன்றைக்குத் திட்டமிட வேண்டாம்.

மூன்றாவது, நாகசாகிக்கு முன்பு கப்பல் எங்கே நிற்கிறது? விசா முழுக்க இதைப் பொறுத்ததுதான். எங்கள் கதை இங்கேதான் முறுக்கிக்கொண்டது.

2. விசா: சிங்கிளா, டபுளா, மல்டிப்பிளா?

எங்கள் வழி இது: விமானத்தில் டோக்கியோ, யோகோஹாமாவில் கப்பல் ஏறி தென்கொரியாவின் பூசான், அங்கிருந்து நாகசாகி, பிறகு மறுபடி யோகோஹாமா. ஏஜென்ட் "சிங்கிள் என்ட்ரியே போதும் மேடம், ஒரே டிரிப்தானே" என்றார். நம்பிவிட்டோம்.

ஒரே டிரிப்தான். ஆனால் ஜப்பானுக்குள் நுழைவது இரண்டு முறை. டோக்கியோவில் விமானத்திலிருந்து இறங்கும்போது ஒரு தடவை. பூசானுக்குப் போனால் ஜப்பானை விட்டு வெளியேறிவிட்டதாகக் கணக்கு, எனவே நாகசாகியில் இறங்கும்போது இன்னொரு தடவை. கப்பல் நிறுவனத்தின் மடலை நிதானமாகப் படித்தபோதுதான் இது எனக்கு உறைத்தது. சரியான விசாவுக்காக மறுபடி ஓடி, கிளம்புவதற்கு நான்கு நாள் முன்புதான் பாஸ்போர்ட்டுகள் கைக்கு வந்தன. கவனிக்காமல் விட்டிருந்தால் யோகோஹாமாவிலேயே ஏற்றிக்கொள்ள மறுத்திருப்பார்கள். தகுந்த விசா இல்லாதவரை ஏற்ற மறுக்கும் உரிமை கப்பல் நிறுவனத்துக்கு உண்டு, அந்தப் பணமும் திரும்பி வராது.

அதனால் ஒரு தாளை எடுத்து, பயண வழியை நாள்வாரியாக எழுதி, ஜப்பானுக்குள் எத்தனை முறை நுழைகிறீர்கள் என்று எண்ணுங்கள். ஒன்று என்றால் சிங்கிள், இரண்டு என்றால் டபுள், அதற்கு மேல் என்றால் மல்டிப்பிள். இடையில் வரும் கொரியா, சீனா போன்ற நாடுகளின் விசா விதிகளைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். கப்பலை விட்டு இறங்கப் போவதில்லை என்றாலும் விசா கேட்கும் நிறுவனங்கள் உண்டு.

எப்போது விண்ணப்பிப்பது? சீக்கிரம் முடித்துவிடலாம் என்று நான்கைந்து மாதம் முன்பே போகாதீர்கள். சிங்கிள் என்ட்ரி விசா, கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும். கடைசி வாரத்துக்கும் தள்ளிப்போடாதீர்கள். பயணத்துக்கு எட்டு வாரம் முதல் ஆறு வாரம் முன்பு என்பது சரியான இடைவெளி. எங்களைப் போல் ஏதாவது தவறு நடந்தால்கூடத் திருத்திக்கொள்ள நேரம் இருக்கும்.

தமிழ்நாட்டில் வசிப்பவர்கள் சென்னையில் உள்ள ஜப்பானியத் துணைத் தூதரகத்தின் எல்லைக்குள் வருகிறார்கள். விண்ணப்பத்தை வி.எஃப்.எஸ். என்ற தனியார் விசா விண்ணப்ப மையம் வழியாகக் கொடுக்க வேண்டும். விசாவுக்கான கட்டணத்தோடு மையத்தின் சேவைக் கட்டணமும் சேரும், இரண்டையும் அன்றைய பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் கொடுத்தவை: விண்ணப்பப் படிவம், 3.5-க்கு 4.5 செ.மீ. புகைப்படம், நாள்வாரியான பயணத் திட்டம், ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரிக் கணக்கு, விமான முன்பதிவு, கப்பல் முன்பதிவு உறுதிச் சீட்டு. அம்மாவுக்குத் தனி வருமானம் இல்லாததால் செலவை நான் ஏற்கிறேன் என்று ஒரு கடிதமும், உறவைக் காட்ட என் பிறப்புச் சான்றிதழும் வைத்தோம். கப்பல் சீட்டில் எல்லோருடைய பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் இனிஷியல் பழக்கத்தால் அம்மாவின் பெயர் ஒன்றில் விரிவாகவும் ஒன்றில் சுருக்கமாகவும் இருந்தது. திருத்தி வாங்க ஒரு வாரம் ஆனது.

பயணத் திட்டத்தில் "தங்கும் இடம்" என்ற கட்டத்தில் கப்பலின் பெயரை எழுதுங்கள், கூடவே எந்தத் தேதியில் எந்தத் துறைமுகம் என்றும் குறிப்பிடுங்கள். கடல் வழியாகவும் நுழைகிறோம் என்பதை அதிகாரி ஒரே பார்வையில் புரிந்துகொள்ள வேண்டும்.

இ-விசா பற்றி ஒரு எச்சரிக்கை. இந்தியர்களுக்கு 2024 முதல் ஜப்பான் இ-விசா தருகிறது. அது சுற்றுலாவுக்கானது, ஒரே ஒரு முறை நுழைவதற்கானது. கப்பல் பயணிகள் அதைத் தேர்ந்தெடுக்கும் முன், கடல் வழி நுழைவுக்கு அதை ஏற்பார்களா என்பதை விசா மையத்திடமும் கப்பல் நிறுவனத்திடமும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு வதந்தியும் சுற்றுகிறது: "கப்பல்ல போனா ஜப்பானுக்கு விசாவே வேண்டாம்." இதற்கு ஒரு அடிப்படை இருக்கிறது. குறிப்பிட்ட சில கப்பல்களில் வரும் பயணிகளுக்கு விசா இல்லாமலே கரையிறங்க அனுமதி தரும் முறை ஒன்றை ஜப்பான் 2015-இல் கொண்டுவந்தது. ஆனால் அது அரசு அங்கீகரித்த கப்பல்களுக்கு மட்டும். அந்தக் கப்பலிலேயே திரும்பியும் போக வேண்டும். எங்களைப் போல் விமானத்தில் வந்து ஜப்பானில் கப்பல் ஏறுகிறவர்களுக்கு அது உதவாது. யாரோ ஒருவர் அப்படிப் போய்வந்தார் என்பதை வைத்து நீங்கள் விசா எடுக்காமல் இருந்துவிடாதீர்கள்.

3. பணமும் போனும்

வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஊரிலேயே திறந்துவிடுங்கள். யென் எடுக்க எளிய இடம் செவன்-இலெவன் கடைகளில் இருக்கும் ஏடிஎம். வெளிநாட்டு அட்டைகளை ஏற்கும், ஆங்கிலத்திலும் திரை வரும். இயந்திரம் பெரும்பாலும் 10,000 யென் நோட்டாகத் துப்பும். அதை வைத்துக்கொண்டு டிராமில் ஏற முடியாது. கப்பலை விட்டு இறங்கும் முன்பே 1,000 யென் நோட்டுகளும் நாணயங்களும் கையில் இருக்கட்டும். தலைக்கு 3,000 யென் சில்லறையாக இருந்தால் அந்த நாளுக்குத் தாராளம்.

கடலில் போகும்போது போனை ஃபிளைட் மோடில் போட்டுவிடுங்கள். கப்பலின் செயற்கைக்கோள் நெட்வொர்க்கைப் போன் தானாகப் பிடித்துக்கொண்டால் பில் எகிறும். நகரத்தின் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பானும் கொரியாவும் ஒரே நேரம். ஆனால் ஷாங்காய், தைவான் பக்கமிருந்து வரும் கப்பல் என்றால் ஒரு மணி நேர வித்தியாசம் உண்டு. கப்பல் தன் கடிகாரத்தை மாற்றுமா, பழைய நேரத்திலேயே ஓடுமா என்பதை முந்தைய இரவே கேளுங்கள். போன் கரை நேரத்தைக் காட்டும், கப்பல் தன் நேரத்துக்குக் கிளம்பும். எனவே ஒரு கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள்வது நல்லது.

4. முந்தைய இரவு: எண் சீட்டும் பாஸ்போர்ட்டும்

வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றிலிருந்து ஜப்பானுக்குள் கப்பல் வந்ததும் இமிகிரேஷன் அதிகாரிகள் ஒவ்வொருவரையும் நேரில் பார்ப்பார்கள். கைரேகை எடுப்பார்கள், முகத்தைப் படம் பிடிப்பார்கள். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கைரேகை கிடையாது. இரண்டாயிரம், மூவாயிரம் பேர் இருக்கும் கப்பலில் இது எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் கப்பலில் முந்தைய இரவு எட்டு மணியிலிருந்து குழு எண் சீட்டு கொடுத்தார்கள். அறைக்கு வந்த தாளில் நாலாவது பக்கத்தில் அந்த அறிவிப்பு இருந்தது. நாங்கள் பார்க்கவில்லை. காலையில் போய் நின்றபோது எங்களுக்குக் கிடைத்தது கடைசிக் குழுக்களில் ஒன்று. கரையில் கால் வைத்தபோது மணி பதினொன்றரை.

அன்றாடத் தாளை ஒரு வரி விடாமல் படியுங்கள். சீட்டு கொடுக்கத் தொடங்கும்போதே ஒருவர் போய் குடும்பத்தில் எல்லோருக்கும் வாங்கிவிடலாமா என்று கேளுங்கள். பல கப்பல்களில் பாஸ்போர்ட்டை அவர்களே வாங்கி வைத்துக்கொள்வார்கள். சோதனை நாளன்று எங்கே, எப்போது திருப்பித் தருவார்கள் என்பதும் அந்தத் தாளில்தான் இருக்கும். கரைக்குப் போகும்போது பாஸ்போர்ட், கப்பல் அட்டை இரண்டும் உடம்போடு இருக்கட்டும். ஜப்பானில் வெளிநாட்டவர் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

காலை உணவு மேசையிலிருந்து ஆப்பிள், ஆரஞ்சு என்று பையில் போட்டுக்கொண்டு இறங்காதீர்கள். பழம், இறைச்சிப் பொருள் எதையும் அப்படிக் கரைக்குக் கொண்டுபோகக் கூடாது. பிஸ்கட் பாக்கெட் போன்ற சீல் பிரிக்காத தின்பண்டங்கள் எங்களுக்குச் சிக்கல் தரவில்லை.

5. துறையிலிருந்து உராகாமிக்கு: டிராமா, நடையா?

குண்டு விழுந்த இடம் துறைமுகப் பக்கம் இல்லை. வடக்கே உராகாமி பள்ளத்தாக்கில், துறையிலிருந்து ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தள்ளி. இறங்கியதும் பக்கத்தில் தெரியும் குளோவர் தோட்டத்துக்கும் ஓவுரா தேவாலயத்துக்கும் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். கூடவே நீங்களும் போய்விடாதீர்கள். அவை துறைக்குப் பத்து நிமிட நடையில் இருக்கின்றன, திரும்பி வரும்போது நேரமிருந்தால் பார்க்கலாம். தூரத்தில் இருப்பதை முதலில் முடியுங்கள்.

டிராமில் போகும் வழி இது. துறைக்கு அருகில் ஓவுரா கைகான் நிறுத்தம். அங்கே பச்சை நிற 5-ஆம் எண் தடம். ஹோதாருஜாயா போகும் வண்டியில் ஏறி, ஷின்ச்சி சைனாடவுனில் இறங்கி, நீல நிற 1-ஆம் எண் தடத்துக்கு மாற வேண்டும். அதில் அகாசாகோ என்று போட்ட வண்டியில் ஏறி, அமைதிப் பூங்கா நிறுத்தத்தில் இறங்கலாம். எல்லாம் சேர்ந்து முப்பத்தைந்து, நாற்பது நிமிடம்.

இதில் இரண்டு பொறிகள். ஷின்ச்சியில் இறங்காமல் உட்கார்ந்திருந்தால் பச்சை வண்டி உராகாமிக்குப் போகாது, கிழக்கே திரும்பிவிடும். அடுத்தது, நீல வண்டி இரண்டு திசையிலும் ஓடும். சோஃபுகுஜி என்று போட்டிருந்தால் அது எதிர்த்திசை. நாங்கள் இரண்டு தவறையும் செய்தோம். அரை மணி நேரம் போனது.

ஏறுவது பின்கதவு, பணம் போட்டு இறங்குவது முன்கதவு. கட்டணம் தூரத்தைப் பொறுத்தது அல்ல. எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் ஒரே தொகை, 150 யென் அளவில். சரியான சில்லறையைப் பெட்டியில் போட வேண்டும். ஓட்டுநர் பக்கத்தில் சில்லறை மாற்றும் இயந்திரம் இருக்கிறது, ஆனால் அது 1,000 யென் நோட்டுக்கு மேல் வாங்காது. நான் 10,000 யென் நோட்டை நீட்டியபடி நின்றபோது பின்னால் முப்பது பேர் காத்திருந்தார்கள். ஒரு வயதான பெண்மணி தன் பர்ஸிலிருந்து நாணயங்களை எடுத்து எங்கள் மூவருக்கும் போட்டுவிட்டு, நான் நன்றி சொல்வதற்குள் இறங்கிப் போய்விட்டார். அவர் முகம்கூட எனக்குச் சரியாக நினைவில் இல்லை.

டோக்கியோவில் வாங்கிய சூயிகா போன்ற, முன்பணம் ஏற்றிப் பயன்படுத்தும் பயண அட்டை இருந்தால் அது இந்த டிராமிலும் செல்லும். ஷின்ச்சியில் மாறும்போது இரண்டாவது கட்டணமும் தனியாக வராது. காசு கொடுப்பவர்கள் இறங்கும்போதே மாறப்போவதை ஓட்டுநரிடம் சொல்லிக் கேளுங்கள். ஒருநாள் பாஸ் நான்கு தடவைக்கு மேல் ஏறினால்தான் லாபம். அது டிராமுக்குள் கிடைக்காது, சுற்றுலாத் தகவல் மையங்களில் வாங்க வேண்டும்.

நான் இன்னொரு தடவை போனால் ஓவுரா கைகானில் நிற்கவே மாட்டேன். கப்பல் வந்த நாளில் அந்த நிறுத்தத்தில் பெரிய வரிசை, வண்டியோ சின்னது. துறையிலிருந்து கடலோரப் பூங்கா வழியாக டெஜிமா வரை சமதரையில் இருபது நிமிடம் நடந்தால், டெஜிமா நிறுத்தத்திலேயே நீல வண்டி வரும். மாற வேண்டிய வேலையும் இல்லை. திரும்பும்போது நாங்கள் அப்படித்தான் வந்தோம், 68 வயது அம்மாவும் சிரமமில்லாமல் நடந்தார். முழங்கால் வலி உள்ளவர்களோடு போனால் டாக்சி எடுங்கள். உராகாமி வரை 2,000 யெனுக்குச் சற்று முன்பின் ஆகும். நான்கு பேர் பகிர்ந்தால் தலைக்கு நம் பணத்தில் முன்னூறு ரூபாய் போல வரும்.

கப்பலே நடத்தும் சுற்றுலா பற்றிக் கேட்பீர்கள். எங்கள் கப்பலில் தலைக்கு 90 டாலருக்கு மேல் சொன்னார்கள். வண்டி தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும் என்பது அதில் ஒரு நிம்மதி. ஆனால் அவர்கள் பட்டியலில் அருங்காட்சியகத்துக்கு ஒதுக்கிய நேரம் ஒரு மணிதான். சொந்தமாகப் போனால் டிராமும் நுழைவுச் சீட்டும் சேர்ந்து ஒருவருக்கு 500 யென்தான் ஆகும், நேரமும் உங்கள் கையில்.

6. உராகாமியில் எதை முதலில் பார்ப்பது

நான்கு இடங்கள், எல்லாம் நடக்கும் தூரத்தில். அமைதிப் பூங்கா, குண்டு வெடித்த மையம், அருங்காட்சியகம், அதை ஒட்டிய தேசிய நினைவு மண்டபம். பெரும்பாலோர் இதே வரிசையில் போகிறார்கள், நாங்களும் அப்படிப் போனோம். நேரம் குறைவாக இருக்கும்போது இது தவறான வரிசை. திறந்தவெளிப் பூங்காவில் நேரம் தெரியாமல் போய்விடும், அருங்காட்சியகம் கடைசியில் நெருக்கடியில் மாட்டும். அமைதிப் பூங்காவுக்கு ஒரு நிறுத்தம் தெற்கே அருங்காட்சியகத்தின் பெயரிலேயே நிறுத்தம் இருக்கிறது. அங்கே இறங்கி, அருங்காட்சியகத்தில் தொடங்கி வடக்கே நடந்து வாருங்கள்.

அருங்காட்சியகம் காலை 8:30-க்குத் திறக்கிறது. பெரியவர்களுக்கு 200 யென், பள்ளிப் பிள்ளைகளுக்கு 100 யென். டிசம்பர் 29 முதல் 31 வரை விடுமுறை. கிளம்பும் முன் அவர்களுடைய இணையதளத்தில் அன்றைய நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள். விளக்கங்கள் ஆங்கிலத்திலும் உண்டு. கண்காட்சிக்குச் சுழன்று இறங்கும் சாய்தளம் வழியாகப் போகிறோம், படிகள் இல்லை.

நுழைந்ததும் ஒரு சுவர்க் கடிகாரம், 11:02-இல் நின்றுபோனது. 1945 ஆகஸ்ட் 9 காலை அந்த நிமிடத்தில்தான் உராகாமிக்கு மேலே ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்தில் குண்டு வெடித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்தவர்கள் சுமார் 74,000 பேர். உள்ளே உருகி ஒட்டிக்கொண்ட கண்ணாடிப் புட்டிகள் இருக்கின்றன, நான் முன்பு சொன்ன சோற்றுப்பெட்டியும் இருக்கிறது. உயிர் பிழைத்தவர்கள் பேசும் ஒளிப்பதிவுகள் கடைசிப் பகுதியில் வருகின்றன, நாங்கள் அவற்றின் பக்கம் போகவே முடியவில்லை. இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். என் மகளுக்கு 12 வயது. அவள் தாங்கிக்கொண்டாள், இரவு நிறையக் கேள்விகள் கேட்டாள். அதைவிடச் சின்னப் பிள்ளைகள் என்றால், பெற்றோர் ஒருவர் முதலில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். தீக்காயப் படங்கள் மறைக்கப்படாமல் இருக்கின்றன.

பக்கத்திலேயே நினைவு மண்டபம், கட்டணம் இல்லை. மேலே வட்டமான நீர்த்தொட்டி, கீழே நிலத்தடியில் இரண்டு வரிசையாகக் கண்ணாடித் தூண்கள் நிற்கும் ஒரு கூடம். இறந்தவர்களின் பெயர்ப் பதிவேடுகள் அங்கே வைக்கப்பட்டுள்ளன. அருங்காட்சியகத்திலிருந்து வருகிறவர்களுக்கு உட்கார ஓர் இடம் வேண்டும். இது அதற்கான இடம், இருபது நிமிடமாவது இருங்கள்.

அங்கிருந்து படியிறங்கினால் வெடித்த மையம். ஒரு கருங்கல் தூண், அதற்குப் பக்கத்தில் பழைய உராகாமி பேராலயச் சுவரின் மிச்சம். ஓடைப் பக்கம் இறங்கிப் பாருங்கள், பலர் தவறவிடுகிறார்கள். அந்தக் காலத்து மண் அடுக்கு கண்ணாடிக்குப் பின்னால் தெரிகிறது, கூரை ஓடும் செங்கல்லும் உடைந்த பாத்திரமும் அப்படியே புதைந்து.

கடைசியாக அமைதிப் பூங்கா. டிராம் பக்கத்திலிருந்து ஏற நகரும் படிக்கட்டு உண்டு. 1955-இல் வைத்த அமைதிச் சிலை 9.7 மீட்டர் உயரம்; மேலே தூக்கிய வலக்கை அணுகுண்டின் ஆபத்தையும், பக்கவாட்டில் நீட்டிய இடக்கை அமைதியையும் காட்டுகிறது. எதிர்முனையில் 1969-இல் கட்டிய நீரூற்று. எரிந்த உடம்போடு தண்ணீர் தண்ணீர் என்று கேட்டு இறந்தவர்களுக்காகக் கட்டியது. அதை மகள் படித்துச் சொன்னதும் அம்மா பையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துத் திறந்து, பூங்கா ஓரத்து மண்ணில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். நம் வீட்டில் திதி அன்றைக்கு நீர் விடும் அதே நிதானத்தோடு. நான் கடிகாரத்தைப் பார்க்காத சில நிமிடங்கள் அவைதான்.

ஆகஸ்ட் 9 அன்று உங்கள் கப்பல் வந்தால் பூங்காவில் நினைவுச் சடங்கு நடக்கும். காலையில் உள்ளே போவதும், டிராமில் இடம் கிடைப்பதும் கடினம். அமைதியின் அடையாளமான காகிதக் கொக்கைக் கப்பலிலேயே மடித்துக் கொண்டுபோகலாம். என் மகள் பூசானிலிருந்து வரும் வழியில் பதினேழு மடித்தாள், அவற்றை வைக்க அங்கே இடம் இருக்கிறது.

7. சாப்பாடு

சைவம் சாப்பிடுகிறவர்கள் கப்பலில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு இறங்குங்கள். நாகசாகியின் பெயர்பெற்ற சாம்போன் நூடுல்ஸில் பன்றி இறைச்சியும் கடல் உணவும் சேரும், காய்கறி மட்டும் என்று சொல்லிக் கேட்டாலும் அடிக் குழம்பு அதேதான். காஸ்டெல்லா கேக்கில் முட்டை உண்டு. நாங்கள் மதியச் சாப்பாடு தேடி இருபது நிமிடம் அலைந்து, கடைசியில் கையிலிருந்த பிஸ்கட்டைத்தான் தின்றோம். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஷின்ச்சி சைனாடவுன் வழியிலேயே இருக்கிறது, கவலை இல்லை.

8. திரும்புதல்

எல்லோரும் ஏற வேண்டிய நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே உராகாமியை விட்டுக் கிளம்புங்கள். மாலையில் டிராமில் பள்ளிப் பிள்ளைகளும் வேலை முடிந்தவர்களும் சேர்ந்துகொள்வார்கள். துறைக்கு முன்கூட்டியே வந்துவிட்டால் ஓவுரா தேவாலயத்தைப் பாருங்கள். நுழைவுக்கு 1,000 யென், 1864-இல் கட்டியது, ஜப்பானின் தேசியச் செல்வங்களில் ஒன்று. மூன்று மணிக்கு உராகாமியை விட்ட எங்களுக்கு அதன் வாசல் படியைப் பார்க்க மட்டுமே நேரம் இருந்தது.

புயல் காலமான ஆகஸ்ட், செப்டம்பரில் கப்பல் துறைமுகத்தையே தவிர்த்துவிட்டுப் போவதும் நடக்கும். கப்பல் வழியாகப் பதிவு செய்த சுற்றுலாவுக்குப் பணம் திரும்பும், நீங்களாக வெளியே பதிவு செய்ததற்கு அந்த உத்தரவாதம் இல்லை. அந்த மாதங்களில் போகிறவர்கள் முன்பணம் கட்டும் எதையும் தவிர்க்கலாம்.

கப்பல் நகரத் தொடங்கியதும் அறைக்குப் போய்விடாமல் மேல்தளத்தில் வலப்பக்கம் நில்லுங்கள். எதிர்க்கரை முழுக்க மிட்சுபிஷி கப்பல் கட்டும் தளம். முசாஷி என்ற பெரும் போர்க்கப்பலைக் கட்டிய தளம் அது. 1909-இல் நிறுத்திய ராட்சதப் பாரந்தூக்கி குண்டுக்குப் பிறகும் நிற்கிறது, 2015-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்ந்தது. கொஞ்ச நேரத்தில் மெகாமி பாலம் தலைக்கு மேலே வரும், புகைபோக்கி இடித்துவிடும் போலத் தோன்றும். அம்மா அதை அண்ணாந்து பார்க்கவில்லை. பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உராகாமி இருக்கும் திசை எது என்று என் மகளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.